சான்றிதழைப் பாடவந்த ப்ளேயர்

ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. என் டைரியில் அப்படித்தான் இருக்கிறது. ஜவ்வாது மலையில் நான் நடத்திவந்த இணையச் சேவை மையத்தில் குப்புசாமி என்ற விவசாயியும் அவர் மகள் மல்லிகாவும் காத்திருந்தார்கள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. சாதிச் சான்றிதழ் மட்டும் பாக்கி. அதற்குக் காலையில்தான் ஒப்புதல் வந்திருந்தது. பிடிஎஃப் ஃபைலை டவுன்லோட் செய்து விண்ணப்பத்தில் ஏற்றினால் போதும்.

அழுத்தினேன். பிரவுசரில் கறுப்புத் திரை. நடுவில் பாட்டு ஓட்டும் முக்கோணம். அதையும் அழுத்தினால், 'இந்த ஃபைலை இயக்க முடியவில்லை.'

"இன்னா சார் இது, எம் பொண்ணு சர்டிபிகேட்டு பாட்டு பாடப் போவுதா?" என்றார் குப்புசாமி.

காரணம் எனக்குத் தெரியும். முந்தைய வாரம் ஒரு கல்யாண வீடியோவை வெட்டித் தருவதற்காக மீடியா ப்ளேயர் ஒன்றை நிறுவியிருந்தேன். மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடந்தது. அதனால் கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்துவது எங்கள் வழக்கம். எல்லா வகை ஃபைலையும் இனி ப்ளேயரே திறக்கும் என்ற டிக்குக்கும் அப்படித்தான் சம்மதித்திருக்கிறேன்.

ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஜெராக்ஸ் வேலை பார்த்த சகாயமேரி, "அத்த மொத்தமா தூக்கிப் போடுங்க சார்" என்றார். தூக்கலாம். ரீஸ்டார்ட் கேட்கும். எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து வர அரை மணி நேரமாகும்.

பிரவுசர் செட்டிங்ஸில் பிடிஎஃப் என்ற வரியைத் தேடி, 'ப்ளேயரில் திற' என்றிருந்ததை 'சேமி' என்று மாற்றினேன். பிரவுசரை மூடித் திறந்ததும் சான்றிதழ் தளம் மறுபடி ஓடிபி கேட்டது. குப்புசாமியின் போனுக்கு ரோட்டு வளைவில்தான் டவர் கிடைக்கும். அவர் அங்கே ஓடிப்போய் ஆறு எண்களையும் கத்த, மல்லிகா வாசலில் நின்று எனக்குச் சொன்னாள். அழுத்தினேன். அதே முக்கோணம்.

"வந்துச்சா?" என்று வளைவிலிருந்து குரல்.

"இல்லப்பா, அங்கயே நில்லு!" என்று மல்லிகா வாசலிலிருந்து கத்தினாள்.

செட்டிங்ஸில் அந்த வரி பழையபடி மாறியிருந்தது. ப்ளேயரின் உதவி புரோகிராம் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டு, பிரவுசர் திறக்கும்போதெல்லாம் அதைத் திருப்பி வைத்தது.

"ஆவுமா ஆவாதா சார்? ஆவாதுன்னா சொல்லிடுங்க, போளூர்ல போய் பாத்துக்கறோம்" என்றாள் மல்லிகா.

"நீ போளூர் போய்ச் சேர்றதுக்குள்ள மணி ஏழாயிடும். உக்காரும்மா. ஆவும்."

மணி நாலு பத்து. இம்முறை வரிசையாகப் போனேன். ப்ளேயரின் ஃபைல் பட்டியலில் பாட்டு, வீடியோ தவிர மற்ற டிக்குகளை எடுத்தேன். உதவி புரோகிராமை நிறுத்தி, இனி அது தானாகக் கிளம்பாதபடி செய்தேன். பிரவுசரில் அது செருகியிருந்த எக்ஸ்டென்ஷனை நீக்கினேன். பிடிஎஃப் வரியைக் கடைசியில்தான் தொட்டேன். ஒவ்வொரு பெட்டியையும் வாய்விட்டுப் படித்த பிறகே அழுத்தினேன்.

"இன்னா சார், ஜெபம் பண்றீங்களா?" என்றார் சகாயமேரி.

"நீயும் பண்ணு மேரி, கரண்ட் போவக் கூடாதுன்னு."

ஓடிபி கேட்காத வேறொரு படிவத்தை வைத்து, பிரவுசரை மூன்று முறை மூடித் திறந்து சோதித்தேன். மூன்று முறையும் ஒழுங்காகச் சேமித்தது. அதன் பிறகே வளைவுக்குச் சொல்லியனுப்பினேன். நாலு நாற்பதுக்குச் சான்றிதழ் கையில். நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் ஏறியதற்கான ஒப்புகை. குப்புசாமி போனைத் தூக்கிப் பிடித்தபடி இன்னும் வளைவிலேயே நின்றார். மல்லிகா போய்த்தான் அழைத்துவந்தாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பறித்துக்கொள்ளும் புரோகிராமை நிறுத்தாமல், பறிபோனதை மட்டும் திருப்பி வைத்தால் அது நிலைக்காது. ஆனால் அந்த ப்ளேயர் திருடவில்லை. என்னைக் கேட்டுத்தான் எடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்கேனர் மென்பொருள் நிறுவும்போது இரண்டு முறை கரண்ட் போனது. மூன்றாவது முறையும் முதல் பெட்டியிலிருந்தே படித்தேன்.