நீலக் கண் கேட்டுப் போனவன்

ஐம்பத்து நான்கு வயதில், முன்தலை காலியாகி, தொப்பை சட்டைப் பொத்தானோடு தினமும் வாதாடிக்கொண்டிருக்கும் நிலையில், வங்காளத்துச் சால்ட் லேக்கில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு நீலக் கண் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வரவேற்பில் இருந்த பெண் சிரிக்கவில்லை. அதுதான் முதல் அதிர்ச்சி. நிரந்தரமாகவா என்று மட்டும் கேட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். ஆமாம் என்றேன்.

உண்மையில் எனக்கு நீலமும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். நான் போனது வேவு பார்க்க.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மஹாளய அமாவாசை என்றைக்கு வருகிறது என்று பார்த்து லீவு எழுதலாமென வீட்டு டேப்லெட்டைத் திறந்தேன். அது பெயருக்குத்தான் வீட்டுக்குப் பொது. உள்ளே இருப்பதெல்லாம் என் மகளுடையது. இருபத்து நான்கு வயது, செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை, அப்பாவைவிட நல்ல வங்காளி பேசுவாள். அமாவாசைக்குப் பதிலாக வரிசையாகக் கண்கள் வந்தன. கண்ணின் நிறத்தை நிரந்தரமாக மாற்றிக்கொள்வது எப்படி, வலிக்குமா, எத்தனை நாள் கட்டுப் போட வேண்டும். அதற்கு மேல் ஓர் ஆஸ்பத்திரிச் செய்தி: சனிக்கிழமை பதினோரு மணி, கருவிழிக்கு நிறமேற்றுவது பற்றிய ஆலோசனை. மகளின் பெயரில்.

ஒரு வீடியோவைத் தொட்டுத் தொலைத்தேன். இமையை ஒரு கம்பி வளையம் பிடித்துக்கொண்டிருக்க, யாரோ ஒருவர் விழிக்குள் நிறத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த காப்பியைத் துளசிக்கு ஊற்றினேன்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவளுடைய இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. ஆறு வயதில் அண்ணன் ஈர்க்குச்சியில் அம்பு செய்து விளையாடியதன் பலன். விழி நடுவில் மிளகளவு வெள்ளை. அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். கல்யாணமான மறுவாரமே அந்த வெள்ளை எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இதை என்னுடைய பெருந்தன்மை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் வீட்டு ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் கேமராவைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்ப்பாள். எனக்கு வலப்பக்கம்தான் நிற்பாள், முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு. கல்யாணப் படம், பூரி கடற்கரை, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல், எல்லாவற்றிலும் அப்படித்தான். இந்த மூஞ்சியில் அப்படி என்ன இருக்கிறதோ, இருபத்தாறு வருடமாகக் கண்ணை எடுக்க முடியவில்லை பாவம் என்று சங்கத்தில் பல தடவை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் கண்ணின் நிறத்தைப் பார்ப்பது. என் ஆபீஸ் கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் பார்க்கும் கம்பெனி. வழியெல்லாம் ஆட்கள், ஆளுக்கு இரண்டு கண். கருவிழி கருவிழி என்கிறோமே, ஒருவருக்கும் கறுப்பில்லை! தேயிலை நிறம், புளி நிறம், வெயில் பட்டால் வெல்லப்பாகு. பஸ் கண்டக்டருக்கு இங்கே ‘கொட்டா சோக்’ என்பார்களே, அந்தப் பூனைக் கண். அவரை நான் எட்டு வருடமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது, டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு அவர் பின்வாசலுக்குப் போய்விட்டார்.

வீட்டில் வாயைத் திறந்து மகளைக் கேட்கத் தைரியமில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் சனிக்கிழமை நிச்சயமாகப் போய்விடுவாள். அதனால் சுற்றி வளைத்தேன். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், உலகத்திலேயே அழகு நம் ஊர்க் கண்தான் என்று ஆரம்பித்தேன். அவள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்பா, நீ ஓக்கேதானே?” என்றாள். வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. ரசத்தைப் பிசைந்தபடி, அவளைப் பார்த்தும் பார்க்காமலும் சொன்னேன்: “கடவுள் குடுத்த கண்ணை எவன் மாத்திக்கறானோ, அவனைவிட முட்டாள் கிடையாது.”

மகள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். மனைவி மோர் கொண்டுவரப் போனாள். மோர் வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. குறி தப்பாமல் அடித்துவிட்டோம் என்று நான் இன்னொரு கரண்டி ரசம் விட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மகளுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன். எதிரியின் கோட்டையை உள்ளே போய்ப் பார்த்துவிடுவது என்ற எண்ணம். ஆலோசகர் பையன் ஒருவன் என்னைப் படம் பிடித்துக் கணினியில் நீலக் கண் வைத்துக் காட்டினான். திருட்டுப் பாலைக் குடித்துவிட்டு மாட்டிக்கொண்ட சயாமீஸ் பூனை மாதிரி இருந்தேன். சாம்பல் நிறம் பார்க்கிறீர்களா என்றான். அதிலே, மார்க்கெட் கூடையில் கிடக்கும் வாளை மீன்.

பிறகு டாக்டர் அம்மாள். என் வயதுதான் இருக்கும், சங்கு வளையலோடு. மோவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். திரையில் என் கண் பெரிதாகத் தெரிந்தது. வெட்டின கொட்டைப் பாக்குக்குள் ரேகை ஓடுமே, அந்த மாதிரி பழுப்பு ரேகைகள், நடுவில் ஒரு கறுப்புக் கிணறு, வெளிச்சம் பட்டதும் சுருங்கியது. ஐம்பத்து நான்கு வருடமாக இதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. பயத்தை மறந்து, இன்னொரு தடவை காட்டுங்கள் என்றேன்.

எதற்கு நீலம் என்று கேட்டார். ஆபீஸில் ஒரு மாறுதலுக்கு என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார். லேசரால் பழுப்பை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், போனது திரும்பாது. உள்ளே வண்ண வளையம் வைப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் பார்வையையே இழந்தவர்கள் உண்டு. விழியின் மேல் படலத்துக்குள் நிறம் ஏற்றுவது மூன்றாவது, அதிலும் கூச்சம், எரிச்சல், நாளைக்கு உள்ளே ஏதாவது வந்தால் பார்ப்பதற்குச் சிரமம். நல்ல கண்ணை நான் தொடமாட்டேன். நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

அவர் காலில் விழாத குறை. ஒருவேளை இருபத்து நான்கு வயதுப் பெண், நல்ல சம்பளம், பிடிவாதக்காரி, அவள் வந்து கேட்டால் என்றேன். நல்ல கண் என்றால் அவளுக்கும் இதே பதில்தான் என்றார். அப்பாடா. எழுந்துவிட்டேன். வாசல்வரை போனவனுக்குப் பாழாய்ப்போன குறுகுறுப்பு. நல்ல கண்ணைத் தொடமாட்டீர்கள் என்றால் இந்த நிறமேற்றுகிற வேலையை யாருக்குத்தான் செய்கிறீர்கள்?

அவர் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் ஒரு பெண்ணின் கண், விழி நடுவில் மிளகளவு வெள்ளை. இரண்டாவதில் அதே கண், வெள்ளை இல்லை, பக்கத்துக் கண்ணைப் போலவே பழுப்பும் நடுவில் கறுப்பும்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இப்போது இந்த அம்மாவுக்குப் பார்வை தெரிகிறதா என்று கேட்டேன். இல்லை, அது வராது. பின்னே எதற்கு? முன்பெல்லாம் எதிரில் இருப்பவர்கள் எந்தக் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று தடுமாறுவார்களாம். இப்போது தடுமாறுவதில்லையாம். அதற்குத்தான்.

ஆட்டோவில் வரும்போது கணக்கு எனக்கே விளங்கிவிட்டது. டேப்லெட் மகளுடையது, முன்பதிவு அவள் ஃபோனிலிருந்து, அதனால் அவள் பெயர். வியாழக்கிழமை ரசம் சாப்பிட்டுக்கொண்டே நான் யாரை முட்டாள் என்றேன் என்பதும் விளங்கியது.

வீட்டில் மனைவி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் ஆபீஸில். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு நானும் வரட்டுமா?”

கத்தி நின்றது. “அவ சொல்லிட்டாளா?”

“இல்லே. நானே கண்டுபிடிச்சேன். பாதி தப்பாக் கண்டுபிடிச்சேன்.” மகள் என்று நினைத்ததையும் நீலக் கண் கேட்டதையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“முட்டாள்னேளே.”

“அது அவளுக்காகச் சொன்னது.”

“ஆனா அதைக் கேட்டது நானாச்சே.”

அவள் மறுபடி கொத்தவரங்காய் நறுக்க ஆரம்பித்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா சாயங்காலத்துக்குள்ள சங்கத்துல எல்லாரும் சிரிச்சிண்டிருப்பா. நீங்க நன்னாத்தான் சொல்வேள். நானே சிரிப்பேன். அதான் சொல்லலை.”

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். இன்னொரு சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன்.

“அந்த ஃபோட்டோல்லாம்? என்னையே பாத்துண்டு நிப்பியே?”

அவள் ஒரு காயை எடுத்து இரண்டு முனையையும் கிள்ளினாள். “இந்தக் கண் படத்துல விழாம இருக்கறதுக்கு வேற எந்தப் பக்கம் திரும்பறது? கழுத்து வலிக்கும். ஃபோட்டோக்காரன் எடுத்து முடிக்கற வரைக்கும் உங்க காதுல இருக்கற முடியை எண்ணிண்டிருப்பேன்.”

இருபத்தாறு வருடத்துக் கைதட்டல் அத்தனையும் ஒரே நிமிஷத்தில் திருப்பி வாங்கப்பட்டது.

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். டாக்டர் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், “நீலக் கண்?” என்றார். மகள் வராந்தாவிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அன்றைக்கு யாராவது ஒருத்தர் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. ஏனென்றால் பரிசோதனை முடிந்து டாக்டர் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. செய்யலாம், ஆனால் புண் ஆனாலோ, ஆறாமல் இழுத்தாலோ, அந்தக் கண்ணில் மிச்சமிருக்கிற வெளிச்சமும் நிழலும் குறையலாம். அதிகம் நடப்பதில்லை, நடக்காது என்றும் சொல்லமாட்டேன்.

அந்த வெளிச்சம் நிழல் என்றால் என்னவென்று அன்றுதான் அவளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இடப்பக்கம் வண்டி வந்தால் நிழலாட்டம் தெரியுமாம். ஜன்னல் எங்கே என்று தெரியுமாம். தூங்கி எழுந்ததும் முதலில் அந்தக் கண்ணை மட்டும் திறந்து, விடிந்துவிட்டதா என்று பார்ப்பாளாம். பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு இதெல்லாம் செய்தி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. முட்டாள் என்று சொன்ன வாய் அதுதான் என்பதால் மூடிக்கொண்டேன். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, செய்துகொள்கிறேன் என்றாள்.

மகள் மட்டும் வீட்டில் வம்பு பண்ணினாள். “மா, எந்த மாதிரி கண் வேணும், நம்ம செட்டியார் மாதிரியா?”

இதற்கு விளக்கம் வேண்டும். மூன்று வருடம் முன்பு, கொலுவில் வைக்கும் செட்டியார் செட்டிச்சி பொம்மைக்கு வர்ணம் உதிர்ந்துவிட்டது என்று, துர்க்கை சிலை செய்யும் குயவர் தெருவில் ஒருவரிடம் கொடுத்தேன். முகத்தைக் கொஞ்சம் தொட்டுக் கொடுங்கள் என்றேன். அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். செட்டியாருக்குக் காதுவரை நீண்ட கண், செட்டிச்சிக்கு அதைவிட நீளம். மளிகைக் கடையில் உட்கார்ந்துகொண்டு அரிசி பருப்புக்கு நடுவே மகிஷாசுரனைத் தேடுகிற மாதிரி ஒரு பார்வை. அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். மனைவிதான் விடவில்லை. இப்போதுதானே நேராகப் பார்க்கிறார்கள், இருக்கட்டும் என்று கீழ்ப்படியில் முன்னால் வைத்தாள். நான் அதையும் சங்கத்தில் ஜோக்காகச் சொன்னேன்.

“எனக்கு அதெல்லாம் வேண்டாம். இந்தக் கண் எப்படியோ அந்தக் கண் அப்படி” என்றாள் அவள்.

சிகிச்சை நடந்த அன்று நான் செய்த கூத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காத்திருக்கும் ஹாலில் கண் நோய்கள் பற்றி மாட்டியிருந்த பலகைகள் அத்தனையும் படித்து, ஒவ்வொன்றும் எனக்கு இருப்பதாக முடிவு செய்தேன். உள்ளே போயிருப்பது யார் என்று மகள் ஒரு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்த அன்று கண் செக்கச்செவேலென்று இருந்தது, நிறமே தெரியவில்லை. அவள் கண்ணாடி கேட்கவில்லை. வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, ஜன்னல் திரையை விலக்கச் சொன்னாள். விலக்கினேன். மூடச் சொன்னாள். மூடினேன். மறுபடி விலக்கச் சொன்னாள்.

“தெரியறது” என்றாள்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி. சிவப்பு வடிய இரண்டு வாரம் ஆயிற்று. இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். காது முடி உட்பட எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

சரஸ்வதி பூஜையன்று கொலுவுக்கு முன்னால் மகள் எங்களைப் படம் எடுத்தாள். பழக்க தோஷத்தில் மனைவி என் வலப்பக்கமே வந்து நின்றாள். ஆனால் திரும்பவில்லை. நேராக, கீழ்ப்படிச் செட்டியாரைப் போல, கேமராவைப் பார்த்தாள். ஒரே பழுப்பு, இரண்டும்.

படத்தைப் பார்த்து மகள் அலுத்துக்கொண்டாள். இன்னொன்று எடுக்க வேண்டும், அப்பா சரியாக நிற்கவில்லை. இன்னொன்று எடுத்தாள். அதிலும் அதே கதை. மூன்றாவதோடு விட்டுவிட்டாள். மூன்றிலும் மனைவி கேமராவைப் பார்க்கிறாள், நான் வாயைத் திறந்துகொண்டு அவளைப் பார்க்கிறேன்.