ஆற்று மணலில் ஒரு பிட்ச்

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நெல்லை அறுத்து முடிக்கும்போது அடியில் உளுந்து முளைத்திருக்கும். ஒரே ஒரு வயலுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வயலில் எங்கள் ஊர் விவசாயிகளுக்கும் பக்கத்து டவுன் கடைத்தெருக்காரர்களுக்கும் கிரிக்கெட் நடக்கும். கடைத்தெரு அணியில் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகள். இரு தரப்புக்கும் பொதுவாக ஸ்கோர் எழுதுகிறவன் நான்.

அந்த ஆண்டு வயலின் சொந்தக்காரர், அவர்தான் எங்கள் ஊர் கேப்டன், கைப்பழக்கத்தில் அங்கேயும் உளுந்தைத் தெளித்துவிட்டார். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை அறுவடை இயந்திரம் நெல்லை அறுத்து முடித்து வரப்பேறியதும் பார்த்தால், வயல் முழுக்கப் பச்சை முளை.

சேதி கேட்டு முதலில் ஓடிவந்தவர் கடைத்தெருவின் வேகப்பந்து வீச்சாளர். துபாயில் வேலை, நான்கு ஆண்டுக்குப் பிறகு, இந்த ஆட்டத்தை மனதில் வைத்தே லீவு கேட்டு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை விமானம். எங்கள் அணியில் எல்லோருடைய ஸ்டம்பையும் பெயர்த்திருக்கிறார், கேப்டனுடையதைத் தவிர.

"மிதிபட்டா படட்டும் பாய். நீங்க போடுங்க" என்றார் கேப்டன்.

"முளைச்சு நிக்கிறதுமேல எப்படிண்ணே ஓடுறது? காலே வராது."

"பந்து போட பயம்னு சொல்லுங்க."

"பயமா? நாலு வருஷமா உங்க மிடில் ஸ்டம்புதான் கனவுல வருது. என் வீட்ல கேட்டுப் பாருங்க."

சிரித்தார்கள். ஆனால் துபாய்க்காரரின் முகம் உடனே வாடிவிட்டது. மற்ற வயல்களிலும் உளுந்து. நெல் கொள்முதல் நிலையத்து மைதானத்தில் மூட்டை அடுக்கியிருந்தது. வரப்பில் நின்றபடியே அவர் ஆற்றுப் பக்கம் கை காட்டினார். மேட்டூர் அணை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆறு வெறும் மணல்.

"மணல்ல பந்து எழும்பாதே" என்றேன்.

"மண்ணைக் கொட்டி எழுப்புவோம்" என்றார் கேப்டன்.

அன்று மாலையே டிராக்டரில் களிமண் இறங்கியது. நாற்றங்காலைச் சமன்படுத்தும் பரம்புப் பலகையை எங்கள் ஆட்கள் இழுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடைத்தெருவே ஆற்றில் இறங்கியது. ஜவுளிக்கடைக்காரர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டினார்.

"துணி அளக்குற கைக்கு இதெல்லாம் வருமா?" என்று எங்கள் ஆள் ஒருவர் சீண்டினார்.

"பேசாம தள்ளுய்யா. உங்க ஊர் பரம்பு கோணலா இழுத்ததத்தான் நேராக்கிட்டு இருக்கேன்."

சனிக்கிழமை முழுவதும் மண் காய்ந்தது. ஞாயிறு பிற்பகல் இரு கரையிலும் நிற்க இடமில்லை. மணல் திட்டுக்கு அப்பால் தேங்கியிருந்த தண்ணீரில் பந்து விழுந்தால் இரண்டு ரன் என்று புதிதாக ஒரு விதி சேர்த்தோம். கடைத்தெரு முதலில் ஆடி எழுபத்தொன்று எடுத்தது. மாலை நேர அஸர் தொழுகைக்கு ஆட்டம் நின்றபோது எங்கள் ஊரார், அவர்கள் திரும்பி வரும்வரை பிட்ச் வெடிக்காமல் நீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எதிரணி பந்து போடப்போவதும் அதே பிட்சில்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கடைசி ஓவர் துபாய்க்காரருக்கு. எதிரே கேப்டன், நாற்பது ரன் தாண்டி நின்றார். ஐந்து பந்தில் அவர் அடித்த அடியில் இரண்டு முறை பந்து தண்ணீருக்குப் போய் ஊறி வந்தது. எஞ்சியது ஒரு பந்து. ஜெயிக்க இரண்டு ரன்.

துபாய்க்காரர் பந்தைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, மணலில் வெகுதூரம் பின்னால் போனார். மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தார். கேப்டன் முன்னால் இறங்கி மட்டையை வீசினார். பந்து மட்டைக்கு அடியில் நுழைந்தது. நடு ஸ்டம்பு பெயர்ந்து கீப்பரின் காலடியில் போய் விழுந்தது.

துபாய்க்காரர் அப்படியே மணலில் முட்டிபோட்டுவிட்டார். அவருடைய அணியினர் ஓடிவருவதற்குள் எங்கள் கேப்டன் போய்ச் சேர்ந்திருந்தார். மட்டையை எறிந்துவிட்டு, அவரை அள்ளித் தோளில் தூக்கிக்கொண்டு, தோற்ற எங்கள் ஊர்க் கரையை நோக்கித்தான் முதலில் ஓடினார்.