உப்பு ஆகாது

எண்பதுகளின் கடைசியில், ஒரே ஐப்பசி மாதத்தில், என் அப்பாவுக்கும் எங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருந்த உப்பளத் தொழிலாளி ஒருவருக்கும் நெஞ்சுவலி வந்தது. அப்பா பள்ளி ஆசிரியர். அவரோ பத்து வயதிலிருந்து மரக்காணத்து அளங்களில் உப்பு வாரியவர், எழுத்து அறியாதவர். இருவரும் பிழைத்தார்கள். சில வாரங்கள் கழித்து, புதுச்சேரியில் ஒரே மருத்துவரிடம், ஒரே நாளில், இருவரையும் நான்தான் அழைத்துப் போனேன். பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்பாவுக்கு மருத்துவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். எந்தக் குழாய் அடைத்தது, ரத்தம் ஏன் உறையக் கூடாது, வலியே இல்லாத நாளிலும் மாத்திரை எதற்கு என்று பாதி ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். அப்பா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்தது. அடுத்து உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: "உப்பு ஆகாது. மாத்திரைய விடாத."

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். "உப்பு ஆகாதாம் பாப்பா! மரக்காணத்தான்கிட்ட சொல்ற பேச்சா இது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முழுவதும் அளங்களில் தண்ணீர் நின்றது, வேலை இல்லை. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைத்தது. அவர் மனைவி உப்பில்லாமல் சமைத்து, வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். வாசலில் அப்பாவைப் பார்த்தால் அந்தத் தொழிலாளி நின்று பேசுவார்.

"சார், இன்னிக்குப் போட்டாச்சா?"

"ஆச்சுப்பா. நீ?"

"ஆச்சு சார். உப்பில்லாத கஞ்சிக்கு அந்த மாத்திரயே தேவல."

தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கினார்கள். அவரும் வேலைக்குப் போனார். பங்குனியில் ஒருநாள் முற்பகல், உப்பு வாரிக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த சில நாட்களில் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"ரெண்டு மாசத்து மாத்திர அப்படியே இருக்குது. சாருக்கு ஆவும்னு எடுத்தாந்தேன்."

அப்பா உறையைப் பிரித்துப் பார்த்தார். "ஏம்மா, அவன் சாப்பிடவே இல்லியா?"

"அளத்துக்குப் போறப்ப எப்படி சார் சாப்பிடறது? உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே. அங்க காலு, கையி, மூச்சு எல்லாம் உப்புதான. பத்தியம் முறிஞ்சா மருந்தே விஷமாயிடாதா? அதான் வேலைக்கு எறங்குன அன்னிக்கே நிறுத்திட்டேன். அவரு கேட்டாருதான். நான் குடுக்கல."

கணவரைக் காப்பாற்றப் பார்த்த ஒருத்தியின் உறுதி அந்தக் குரலில் இருந்தது. நாட்டு மருந்துக்குப் பத்தியம் காத்துப் பழகிய வீடு அது. அந்த முறைப்படி அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. அப்பாவுக்குக் கிடைத்த விளக்கத்தில் ஒரு வாக்கியம் அவர்களுக்கும் கிடைத்திருந்தால் போதும். அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது.

இனிச் சொல்லி என்ன பயன் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் அவர் நிம்மதியாக இருக்கலாம். அப்போது அவரே தொடர்ந்தார்: "எனக்கும் பிரஷர் இருக்குதாம். நர்ஸம்மா மாத்திர குடுத்திருக்காங்க. அள வேல முடியட்டும், மழைக்கு ஆரம்பிச்சுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

அதற்குமேல் என்னால் மௌனமாக இருக்க முடியவில்லை. "சாப்பாட்டுல உப்பக் கொறைக்கத்தான் சொன்னாங்க. மேல படற உப்பு ஒண்ணும் பண்ணாது. இது பத்தியம் இல்ல. அளத்துக்குப் போனாலும் தினம் போடணும். நீங்க இன்னிக்கே ஆரம்பிங்க" என்றேன்.

அவர் அப்பா கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"அப்ப அவரும் போட்டிருக்கலாமா?"

"போட்டிருக்கலாம்" என்றேன். போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட நீதான பாப்பா கூடப் போன?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆமாம் என்றேன்.