ஒரு தடவை கூப்பிட்டால்

எங்கள் கடலோரத்தில் முதலில் செத்துக் கிடந்தவள் இறால் உரிக்கப் போகிற ஒரு பெண். கடல் வற்றியிருந்த காலையில் சேற்றில் குப்புறக் கிடந்தாள். வழுக்கி விழுந்திருப்பாள் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அடுத்தவள் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்த இந்தோனேசியப் பெண். அவளுக்காக அழ அங்கே ஆள் இல்லை. அவள் கழுத்தில் தடம் இருந்ததாகப் போலீஸ்காரர்கள் பேசிக்கொண்டதை மீன் இறக்கும் இடத்தில் யாரோ கேட்டு வந்து சொன்னார்கள். அந்தத் தடத்தை மனிதக் கை பதித்திருக்கும் என்று நம்ப எங்கள் ஆட்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் கம்பத்தில், அந்தச் சின்னக் குடியிருப்பில், எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன், அக்கா, மாமா. இதில் யாரைச் சந்தேகப்படுவது? பேய் என்று சொல்லிவிட்டால் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜார்ஜ்டவுனின் தெற்கு ஓரத்தில், சேற்றுக் கடலை ஒட்டி இருந்த பலகை வீடுகளில் ஒன்று எங்களுடையது. இப்போது அங்கே கடலைத் தூர்த்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். எனக்கு ஏழெட்டு வயது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்குப் பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலையில் வேலை. சுங்கை பாக்காப்பில் மாப்பிள்ளை பார்த்து, தைப்பூசம் கழிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

பேய்க்கு மருந்து கொண்டுவந்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"அது நமக்குத் தெரிஞ்ச குரல்லதான் வரும். ஆனா ஒரு தடவதான் கூப்புடும். மூணு தடவ கூப்புட்டாத்தான் மனுசன். அது வரைக்கும் கதவத் தொறக்காதீங்க, பதிலும் பேசாதீங்க."

அது எங்கள் வரிசை முழுவதற்கும் சட்டமாகிவிட்டது. சமையல் கேஸ் தோம்பு கொண்டுவரும் சீனர்கூட வாசலில் நின்று "காஸ், காஸ், காஸ்" என்று மூன்று தடவை கத்தப் பழகிக்கொண்டார். எங்கள் வீட்டில் எண்ணும் வேலை எனக்கு. விரல்களை மடக்கி எண்ணி, மூன்றானதும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு எந்தப் பொறுப்பும் எனக்குத் தந்ததில்லை என்பதால் மிகவும் கவனமாக இருந்தேன்.

அத்தைக்கு இது ஒரே வேடிக்கை. வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று, மூச்சு விடாமல் "அண்ணியண்ணியண்ணி" என்பாள்.

"மூணு ஆச்சு அண்ணி. உள்ள விடுவீங்களா, இல்ல ஐசி கார்டு காட்டணுமா?"

"கல்யாணம் கட்டிப்போற எடத்துல இப்படிப் பேசு, தெரியும் சேதி," என்றபடி அம்மா தாழ்ப்பாளை நீக்குவாள்.

அன்று பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை. அத்தைக்கு ஓவர்டைம் என்றும், அப்பாவே மோட்டார் சைக்கிளில் போய் அழைத்து வருவார் என்றும் ஏற்பாடு. தொழிற்சாலையில் மின்சாரம் போய் எல்லாரையும் முன்னதாகவே பஸ்ஸில் அனுப்பிவிட்டது எங்களுக்குத் தெரியாது. அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி."

தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே அது தெளிவாகக் கேட்டது. நான் ஒரு விரலை மடக்கி, "ஒன்னு" என்றேன்.

அம்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். இழுக்கவில்லை. அத்தையே என்றால் மூன்றையும் சேர்த்துத்தான் சொல்வாள். அது மட்டுமில்லை, அவள் வரும் நேரமும் அது இல்லை. வெளியே தண்ணீர்ப் பீப்பாய் உருண்டது. அம்மாவின் உதடுகள் அசைந்தன. முருகனைக் கூப்பிட்டாளோ, என்னோடு சேர்ந்து எண்ணினாளோ. நான் இரண்டாவது விரலைப் பாதி மடக்கியபடி காத்திருந்தேன். மழைதான் பெய்தது. நெடுநேரம் கழித்து அம்மா தாழ்ப்பாளை விட்டுவிட்டு வந்து, என் நெற்றியில் திருநீறு பூசி, மறுபடி நெத்திலியின் முன் உட்கார்ந்தாள்.

அப்பா நனைந்துபோய்த் தனியாகத் திரும்பி வந்தார். "அவ வரலியா? எல்லாரும் அப்பவே போய்ட்டாங்கன்னு சொன்னாங்களே." மறுநாள் காலை, கடல் வற்றியதும், அலையாத்திச் செடிகளுக்கு நடுவே அத்தையைக் கண்டெடுத்தார்கள். அவளுடைய சிலிப்பரில் ஒன்று மட்டும் எங்கள் பீப்பாய்க்கு அடியில் கிடந்தது.

செய்தவர் சில மாதம் கழித்துப் பிடிபட்டார். இன்னொரு பெண் அவர் கையைக் கடித்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். மீன் இறக்கும் இடத்துக்கு ஐஸ் கொண்டுவரும் லாரிக்காரர். 'அவர்' என்றுதான் இன்னும் எனக்கு வருகிறது, மாற்ற முடியவில்லை. நாங்கள் எல்லாரும் அண்ணே என்று கூப்பிட்டவர், எங்களுக்கு ஐஸ் உடைத்துக் கையில் தந்தவர், அத்தையின் சாவுக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கலக்கக் கேட்காமலே ஐஸ் இறக்கிவிட்டுப் போனவர். எங்கள் வாசல்வரை ஓடிவந்தவளை, ஒரு தடவை கூப்பிட்டதும் எட்டிப் பிடித்து வாயைப் பொத்தியதாக அவரே சொன்னாராம்.

நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். லங்காவியில் ஓட்டல் அறை கூட்டினேன், ஜோகூரில் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவினேன், எங்கும் நிலைக்கவில்லை. எப்போதாவது வீட்டுக்குப் போனால் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது. என் காலடி கேட்கும்போதே கதவு திறந்திருக்கும். யாரும் வராதபோதும் அம்மா போய்த் திறந்து பார்த்துவிட்டு வருவாள் என்று அப்பா சொல்வார். அம்மா இறந்ததும் நான் ஜோகூரில் இருந்தபோதுதான். அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை.

கேட்டது போலீஸ்காரர் ஒருவர்தான். அத்தையைக் கண்டெடுத்த அன்றே, அந்தச் சிலிப்பரை ஒரு பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, நேற்று இங்கே யாராவது வந்தார்களா, கூப்பிட்டார்களா என்று மலாயில் கேட்டார். அம்மா என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். போலீஸ்காரர் குனிந்து என்னைப் பார்த்தார். அப்பா தமிழில் கேட்டார்.

"நீ சொல்லும்மா. யாராச்சும் கூப்புட்டாங்களா?"

"மூணு தடவ யாரும் கூப்புடலப்பா," என்றேன்.

யாரும் கூப்பிடவில்லையாம் என்று அப்பா மலாயில் சொல்ல, அவர் அதை எழுதிக்கொண்டார். அம்மா என்னை இழுத்து, முகம் புதையும்படி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எனக்கு வலித்தது, மூச்சு முட்டியது. ஆனாலும் நகரவில்லை. சரியாக எண்ணியதற்காகத்தான் அம்மா அப்படி அணைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.