உட்காரும் சத்தம்

ஸ்டெல்லாவின் போன் வந்தபோது நான் தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் கீபோர்டு ஸ்டாண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரவேற்பு, எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. சவுண்டு பார்க்க வேண்டிய பென்னி இன்னும் வந்து சேரவில்லை என்ற கடுப்பு வேறு. "அண்ணா, உங்க ஃப்ரெண்டு போய்ட்டாரு" என்றாள் அவன் மனைவி. "எங்கம்மா போனான்? இங்க ஸ்பீக்கர் கரகரங்குது, ஒடனே வரச் சொல்லு" என்றேன். அவள் விசும்ப ஆரம்பித்தாள். அப்புறம்தான் உறைத்தது. கிளம்பிச் சட்டை போட்டவன், நெஞ்சு என்னவோ செய்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நம் குழுவில் இருந்தவர்களுக்கும், ரிப்பேருக்கு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு அவனிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் பென்னி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெனடிக்ட், சாந்தோம்காரன். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள், இவன் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ். கச்சேரி இருக்கும் நாளில் சவுண்டு பார்ப்பான். இல்லாத நாளில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தன் கையாலேயே, மின்சாரத்தில் இசை எழுப்பும் சிந்தசைசர் பெட்டிகள் செய்வான். அஞ்சலி எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்றார் எங்கள் குழுத் தலைவர். எழுதிப் பார்த்தேன். யாரோ பேங்க் மேனேஜரைப் பற்றி எழுதுவது போல இருந்தது. மன்னியுங்கள், எனக்கு அவன் அவன்தான்.

அந்தப் பெட்டிகளில் முதலாவதை அவன் ஒத்திகைக்குத் தூக்கி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியே நல்ல மழை. மரப்பெட்டி, மேலே வரிசையாகப் பித்தளைத் தகடுகள், உள்ளே பேட்டரி. கட்டை கிடையாது, பட்டன் கிடையாது. பென்னி கையை வைத்ததும் அது முனகியது, இழுத்தது, திடீரென்று எங்கேயோ மேலே போய் விசிலடித்தது. தலைவர் ஆர்மோனியத்தை அழுத்தி அழுத்தி அலுத்துப்போய், "யோவ், இன்னாய்யா இது? சுருதியிலயே நிக்க மாட்டேங்குது!" என்று கத்தினார். பென்னி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மழைக்கு நீதான் மூக்க உறிஞ்சிக்கினு கீற. அதுக்கு மட்டும் சளி புடிக்கக் கூடாதா?" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு எங்கள் மேடையில் இடம் கிடைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அந்தப் பெட்டிகளுக்காக அவனோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. சொன்னபடி கேட்காத வாத்தியம் எதற்குடா என்பேன். கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் ஒரே சுரம், அதுதானே ஒழுங்கு? அவன் சொல்வான்: "கீபோர்டுக்கு நீ யாருன்னே தெரியாது நைனா. நீ அமுக்கினாலும் அதே சத்தம், உனக்கு ஆவாதவன் அமுக்கினாலும் அதே சத்தம். இன்னா மரியாத அது?" அவன் பெட்டிக்குள் ஒரு சர்க்யூட்டின் சத்தம் அடுத்ததைக் கிளப்பிவிடும், அது மூன்றாவதைக் கலைக்கும், மூன்றாவது திரும்பி வந்து முதலாவதன் காலை வாரும். "உள்ள யாரும் மேனேஜர் கிடையாது. எல்லாம் ஒண்ணுகிட்ட ஒண்ணு கோள் சொல்லிக்கினு கெடக்கும், குடும்பம் மாதிரி" என்பான். அதற்கு மேல் அந்தத் தகடுகள். இரண்டு தகட்டில் விரல் வைத்தால் மின்சாரம் நம் தோல் வழியாகத்தான் போகும். ஈரக் கைக்கு ஒரு சத்தம், காய்ந்த கைக்கு ஒரு சத்தம். "கைய வெச்சிட்டேன்னா நீயும் அதுல ஒரு பார்ட்டு" என்று சிரிப்பான். அப்போது அது எனக்கு வெறும் வாய்ச்சவடாலாகத்தான் பட்டது.

அடையாறிலிருந்து ஒருவர் பெட்டி வாங்க வந்தார். விளம்பரப் படங்களுக்கு இசையமைப்பவர், ரொம்பப் பவ்யமான மனிதர். எந்தத் தகடு எதற்கு என்று எழுதிக் கொடுக்க முடியுமா சார் என்று கேட்டார். "உங்க ஊட்ல பூனை கீதா?" என்றான் பென்னி. இருக்கிறது என்றார். "அத எங்க தொட்டா இன்னா பண்ணும்னு எழுதி வெச்சிக்கீறீங்களா?" என்றான். மனிதர் சிரித்துக்கொண்டே எடுத்துப்போனார். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார், முகம் வாடி. நீங்கள் வாசித்த அந்தச் சத்தம் எனக்கு வரவே மாட்டேன் என்கிறதே சார், ஏதாவது பழுதா என்று கேட்டார். பென்னி அவரை உட்காரவைத்து, அன்றைக்கு மட்டும் அதிசயமாக மெதுவாகப் பேசினான். "அது என் சத்தம் சார். பொட்டிகூட சேர்த்து அதையும் எப்படிக் குடுக்கிறது? உங்க சத்தம் வரும், கைய எடுக்காம உக்காருங்க."

சாந்தோம் வீட்டுக்குச் சாயங்காலம் போனவர்களுக்கு இன்னொன்று தெரியும். கடைசியாகச் செய்த பெட்டியை அவன் யாருக்கும் விற்கவில்லை. வெளியே போய் வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து வலது கையை வைப்பான். தொண்டையைச் செருமுவது போல ஆரம்பித்து, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே அது அலையும். வீட்டுக்குள் யாரோ பெரிய ஆள் எதையோ தேடிக்கொண்டு நடமாடுவது போல இருக்கும். பிறகு ஒரு இடத்தில் சட்டென்று இறங்கி, அடங்கி, அப்படியே நிற்கும். ஸ்டெல்லா அதற்கு 'உக்கார்ற சத்தம்' என்று பெயர் வைத்திருந்தாள். அந்த இறக்கத்தைப் பிடிக்க நான் எத்தனையோ நாள் அவன் வலது கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். விரல் அசையவே அசையாது. எப்படிடா என்று கேட்டால், "அத நான் பண்றது இல்ல நைனா" என்பான். "ஆமா, ஆண்டவரு பண்றாரு" என்று நானும் கிண்டலடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது அவள் குரலே போயிருந்தது. "அண்ணா, அந்த உக்கார்ற சத்தம் கீதே, அத ஒரே ஒரு தபா வர வெச்சிக் குடுங்க." ஏன் என்று அவளே சொன்னாள். "காபி குடுத்தா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லமாட்டாரு. அந்தச் சத்தந்தான் போடுவாரு. அதான் அவரு எனக்குச் சொல்ற தேங்ஸு. கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல வேற ஒண்ணும் சொன்னதில்லண்ணா." நான் பெரிய மனிதன் மாதிரி அவள் தலையில் கை வைத்து, முப்பதாம் நாள் பூசைக்குள் வரவைத்துவிடுகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டேன். கீபோர்டு வாசித்தே தலை நரைத்தவன், ஒரு மரப்பெட்டியிலிருந்து ஒரு சத்தம் எடுக்க முடியாதா என்ற எண்ணம்.

முடியவில்லை. கச்சேரி இல்லாத நாளெல்லாம் போய் உட்கார்ந்தேன். கையைக் கழுவிவிட்டு வைத்தேன், பவுடர் போட்டுக்கொண்டு வைத்தேன், உப்புத் தண்ணீரில் நனைத்து வைத்தேன். என் கைக்கு அது கொசு மாதிரி ரீங்காரம் போட்டது, அவ்வளவுதான். ஒரே ரத்தமாயிற்றே என்று பென்னியின் அண்ணனைக் கூட்டிவந்தேன். வலை இழுத்துக் காய்ப்பேறிய கை. அவர் வைத்ததும் பெட்டி கிறீச்சென்று அலறியது. "இன்னா நைனா, என்னக் கண்டா மட்டும் இப்படிக் கத்துது?" என்று கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். ஸ்டெல்லாவே கூடச் சிரித்துவிட்டாள், உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், மின்சாரத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர்களை விதவிதமாக வாங்கிவந்து, பென்னியின் கைக்குப் பதிலாகத் தகடுகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். காலிங்பெல் மாதிரி ஒரே சத்தம், ஆடாமல் அசையாமல். அவன் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பான்.

முப்பதாம் நாள் கோவிலில் பூசை, வீட்டில் சாப்பாடு. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சாந்தோம் வீட்டில் எடுத்த பழைய வீடியோ ஒன்றில் பின்னணியில் அந்தப் பெட்டிச் சத்தம் பதிவாகியிருக்கிறது என்று குழுத் தலைவர் தேடி எடுத்து வந்திருந்தார், நல்ல மனிதர். ஸ்டெல்லா செல்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். "இது போன்ல கீற சத்தம்ண்ணா" என்றாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் மட்டும் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், தரையெல்லாம் ஈரம். வலது கையை வைத்தபடி, அந்தக் கொசுச் சத்தத்தைக் கேட்டபடி, இவளிடம் என்ன சொல்லிவிட்டு எழுந்துபோவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கையாலாகாதவனாக நான் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் ஆனதும் பழக்கதோஷத்தில் ஸ்டெல்லா காபி போட்டுக் கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளர். தகட்டிலிருந்து கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் இடது கையை நீட்டினேன். என் விரல் டம்ளரில் பட்டது. சத்தம் சட்டென்று இறங்கி, அடங்கி, அப்படியே நின்றது.

இரண்டு பேரும் அசையவில்லை. டம்ளரை என் கையில் விட்டு அவள் விலகியதும் பழைய ரீங்காரம் மேலே ஏறியது. "மறுபடி புடிம்மா" என்றேன். பிடித்தாள். இறங்கி உட்கார்ந்தது. தகட்டிலிருந்து என் கை, என் கையிலிருந்து டம்ளர், டம்ளரிலிருந்து அவள், அவள் வெறுங்காலிலிருந்து ஈரத் தரை. மின்சாரத்துக்கு அது போதும். நான் அவன் வலது கையையே வெறித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், இடது பக்கம் அவள் நீட்டும் காபியை அவன் வாங்கும்போது இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. அத நான் பண்றது இல்ல நைனா. பாவி, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

ஸ்டெல்லாவுக்குச் சொன்னேன். உறுமல் அவனுடையது, அது வராது, என்னால் முடியாது. உட்காருவது மட்டும் நீ. அவள் பெட்டியைப் பார்த்தாள். "அப்ப அவரு எனக்கு ஒண்ணுமே சொல்லலியாண்ணா?" என்று கேட்டாள்.

 இந்த மகராசன் செத்துப்போய் என்னை இப்படி ஒரு கேள்விக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டானே என்று அவன் மேல் கோபம்கூட வந்தது. வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். "நீ காபி எடுத்துக்கினு வர்ற வரைக்கும் அவன் கைய எடுக்க மாட்டான்ல?"

"எடுக்க மாட்டாரு" என்றாள் ஸ்டெல்லா. "பாத்ரூம் போகச் சொன்னாக்கூட எடுக்க மாட்டாரு." அப்புறம்தான் அழுதாள். டம்ளரை மட்டும் விடவில்லை. நானும் தகட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

பெட்டி சாந்தோமிலேயே இருக்கிறது. நண்பர்களே, அந்தப் பக்கம் போனால் நீங்களும் போய் வாருங்கள். உங்கள் கைக்கு என்ன வருமோ வரட்டும். அவனுடைய உறுமல் யாருக்கும் வரப்போவதில்லை, அதற்கு நானோ நீங்களோ செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது, காபி வரும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பது. சில சாயங்காலங்களில் போய் அதைச் செய்துவிட்டு வருகிறேன்.