உப்பளச் சாலையில் எனக்கு முன்னால் போனவர்

பேய், ஜின் என்று யாராவது பேச்செடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், அதற்கு முன்னால் பல வருஷம் ஷார்ஜாவில் வேலை. அங்கே ரூமில் கூட இருந்தவர்கள் பாலைவனத்தில் அதைப் பார்த்தேன், இதைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தால் நான் கிண்டல் பண்ணியே அவர்கள் வாயை மூட வைத்துவிடுவேன். அதனால் நான் இப்போது சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமே வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். ராத்திரி இருட்டெல்லாம் இல்லை, பட்டப்பகல், வயிறாரச் சாப்பிட்டும் இருந்தேன்.

எனக்கு சைக்கிள் பைத்தியம். ஷார்ஜாவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரேஸ் சைக்கிளைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, துணிமணிகளைக் கூட அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குக் கொண்டுவந்தவன். விழுப்புரத்தில் என்னைப் போல நாலு கிறுக்கர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிக் கோட்டை வரை போய் வருவோம். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய சவாரி. விடியும் முன் விழுப்புரத்தில் கிளம்பி, திண்டிவனம், மரக்காணம் வழியாகக் கடற்கரையைப் பிடித்து, ஆலம்பரை கோட்டை வரை போய், திரும்பக் கடலோரமாகவே வந்து, புதுச்சேரி, வளவனூர் வழியாக விழுப்புரத்துக்கே வந்து சேர வேண்டும். பொழுது சாயும் முன் வந்தால்தான் முடித்ததாகக் கணக்கு.

போன தடவை நான் முடிக்கவில்லை. மரக்காணம் தாண்டி அடித்த எதிர்க்காற்றில் தொடை பிடித்துக்கொண்டு, மீன் இறக்கிவிட்டு வந்த ஒரு குட்டியானை வண்டியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ஃபரீதா வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, வயசும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, அவள் பயப்படுவதில் தப்புச் சொல்ல முடியாது. அடுத்த சவாரிக்கு நான் கிளம்புகிறேன் என்று தெரிந்ததும், கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருந்த தன் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வாட்டியும் வண்டியில ஏறி வந்தீங்கன்னா, அந்த சைக்கிள இவன்கிட்ட குடுத்துடணும். அப்பறம் அது பக்கமே போவக் கூடாது. சத்தியம் பண்ணிட்டு கெளம்புங்க."

பண்ணினேன். மச்சான் அப்போதே சைக்கிளின் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்தான், எனக்கு அதைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தாலும் மிதித்துத்தான் திரும்புவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று காலை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆலம்பரை கோட்டையில், பாதி இடிந்த செங்கல் சுவர் நிழலில் உட்கார்ந்து ஃபரீதா கொடுத்த சப்பாத்தியைச் சாப்பிட்டேன், எதிரே கழிமுகத்தில் படகுகள். திரும்பும்போதுதான் சனியன் ஆரம்பித்தது. மத்தியானக் கடற்காற்று நேராக முகத்தில். மற்றவர்கள் எல்லாம் சின்னப் பசங்கள், முன்னால் போய்விட்டார்கள். எனக்குத் துணையாகப் பின்னால் வந்தது செல்வம் மட்டும்தான். வளவனூரில் கரும்பு விவசாயம் செய்கிறவன், கடைசி ஆளை விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அவன் பொறுப்பு. பெரிய சாலையில் அகலப்படுத்தும் வேலை நடந்ததால் எங்களை உப்பளங்களுக்கு நடுவே போகிற கிராமத்துச் சாலையில் திருப்பிவிட்டிருந்தார்கள். புதுத் தார் போட்ட சாலை. இரண்டு பக்கமும் பாத்திகளும் கீற்று மூடிய உப்புக் குவியல்களும்தான், காற்றை மறிக்க ஒரு மரம் கிடையாது.

போன தடவை பிடித்த அதே தொடை மறுபடி இழுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஒரு உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து எனக்கு முன்னால் சேர்ந்தார். வளைந்த ஹேண்டில்பார் வைத்த பழைய இரும்பு சைக்கிள், வெளுத்துப்போன நீலச் சட்டை. ஹெல்மெட் இல்லை. முகத்தைப் பார்க்கவில்லை. நான் சட்டென்று அவருடைய பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டேன். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்குப் பாதி பாரம் குறையும், சைக்கிள்காரர்களுக்கு இது பழக்கம். அந்த நிமிஷமே காற்று நின்றது. தொடை வலி போனது. "ரொம்ப தேங்க்ஸ் சார்!" என்று கத்தினேன், அவர் திரும்பவில்லை.

எங்களுக்குள் இன்னொரு வழக்கம் உண்டு. பின்னால் ஒட்டிப் போகிறவருக்குச் சாலை தெரியாது, அதனால் முன்னால் போகிறவர் பள்ளம் இருக்கிற பக்கம் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார். நாம் ஒதுங்கிக்கொண்டு, நமக்குப் பின்னால் வருகிறவருக்கு அதையே காட்ட வேண்டும். சந்தேகப்பட்டு எட்டிப் பார்க்கிற பேச்சே கிடையாது, பார்ப்பதற்குள் விழுந்திருப்போம். அவர் இடப்பக்கம் காட்டினார், நான் ஒதுங்கினேன், செல்வத்துக்குக் காட்டினேன். வளைவில் வலப்பக்கம் காட்டினார். பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகைக்கு எதிரே மறுபடி இடப்பக்கம். இப்படியே பறந்து போனோம். என் உடம்பில் அவ்வளவு வேகம் நான் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை.

ஒரு சின்ன மதகுப் பாலம் வந்தது. அவர் முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினார். நில் என்று அர்த்தம். நான் நிற்கவில்லை. நின்றால் தொடை திரும்பப் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் வண்டிதான், வண்டி என்றால் சைக்கிள் மச்சானுக்கு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வலப்பக்கம் ஒடித்து அவரைத் தாண்டினேன்.

காற்று அப்படியே முகத்தில் அறைந்தது. பக்கத்தில் திரும்பினேன். யாரும் இல்லை. பாலத்தில் இல்லை, பாத்திகளில் இல்லை. பின்னால் போய் மறைகிற மாதிரி அந்தப் பாலத்துப் பக்கம் ஒரு உப்புக் குவியல் கூடக் கிடையாது.

நான் நிறுத்தாமல் மிதித்தேன். உண்மையைச் சொல்கிறேன், வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது. கூனிமேடு பக்கம் ஒரு சர்பத் கடையில்தான் இறங்கினேன். ரொம்ப நேரம் கழித்து செல்வம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

"இன்னா பாய், வெயில் தலைக்கு ஏறிப்போச்சா? ரோடு வழவழன்னு கீது, இல்லாத பள்ளத்துக்கெல்லாம் கை காட்டிக்கினு போறீங்க. நானும் ஒவ்வொண்ணுக்கும் ஒதுங்கி ஒதுங்கி வந்தேன்."

"நானா காட்டல செல்வம். முன்னாடி போனவரு காட்டினாரு."

"யாரு?"

"நீலச் சட்ட போட்டுக்கினு, பழைய சைக்கிள்ல."

செல்வம் சர்பத்தைக் கீழே வைத்துவிட்டான். "பாய், உங்களுக்கு முன்னாடி யாருமே போவல. உங்க முதுகத்தான் பாத்துக்கினு வந்தேன். அந்த எதிர்க்காத்துல உங்கள புடிக்க முடியாம எனக்கு நாக்கு தள்ளிப்போச்சு. நான் தெனம் கரும்பு வெட்டுற ஆளு பாய்."

எனக்கு வீட்டுக்குப் போன் போட்டு வண்டி வரச் சொல்லலாமா என்று இருந்தது, பயம் அப்படி. ஆனால் சத்தியம் பண்ணியது பண்ணியதுதான். ஏறி மிதித்தேன். கோட்டக்குப்பத்தில் மாமனார் வீட்டுத் தெருமுனையைத் தாண்டும்போது கூடத் தலையைத் திருப்பவில்லை. விழுப்புரம் வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஃபரீதாவும் அவள் தம்பியும் நின்றிருந்தார்கள். அவள் கிட்டே வந்து என் சட்டையை மோந்து பார்த்தாள்.

"மீன் வாட இல்ல. சரி, சைக்கிள் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள். மச்சான் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மழைக்காலம் முடிந்து செல்வமும் நானும் அந்த உப்பளச் சாலைக்குப் போனோம். மனப்பிரமை என்று நிரூபித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போனேன். மழையில் தார் பெயர்ந்திருந்தது. முதல் பள்ளம் இடப்பக்கம். வளைவில் வலப்பக்கம். மோட்டார் கொட்டகைக்கு எதிரே இடப்பக்கம், ஆள் முழங்கால் வரை இறங்குகிற ஆழம். செல்வம் ஒவ்வொன்றிலும் நின்று என் முகத்தைப் பார்த்தான். அவர் நில் என்று காட்டிய மதகுப் பாலம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

அங்கே நான் இறங்கிவிட்டேன். எந்தக் காற்றுக்கும் இறங்கக் கூடாது என்று வைராக்கியம் பிடித்த ஆள் நான், இன்றைக்கும் அந்தப் பாலத்தில் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறேன். அன்று செல்வமும் கூடவே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். கடற்காற்று அதே மாதிரி எதிரே அடித்தது, அவன் கழுத்தில் போட்டிருந்த துண்டு பட்பட்டென்று அடித்துக்கொண்டது. பாலம் முடிகிற வரை என் சட்டை அசையவே இல்லை.