பத்து நிமிடச் சூடு

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம், குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு சுடுநீர்த் தொட்டி இருந்தது. சண்டைக் காலத்தில் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று ஆட்கள் வராமல் பூட்டப்பட்டபோது, அங்கே மின்சார வேலை பார்த்த என் கணவர் அதை வாங்கி ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு பேர் உட்காரக்கூடிய நீல நிறத் தொட்டி. இதற்குள் நெல் அவிக்கலாம் என்று நான் கேலி செய்தேன்.

பிறகு அவர் விழுந்தார். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கடையில் ஏணியில் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது தெருவில் வெடிச்சத்தம் கேட்டது. அவசரமாக இறங்கியதில் படி தவறி, இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு பொருந்திய பிறகும் கால் மடங்க மறுத்தது. இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் உட்கார்ந்து தினமும் காலை மடக்கி நீட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான்தான் தொட்டிக்குக் குழாயும் வயரும் பொருத்திப் பூட்டினேன். ஒரு பம்ப் தொட்டித் தண்ணீரை இழுத்து ஹீற்றர் குழாய்க்குள்ளால் தள்ளும். சூடான தண்ணீர் மறுபடி தொட்டிக்கு வரும். அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. நான் நொச்சி இலையையும் பழைய சீலைத்துண்டில் முடிந்து தண்ணீரில் போட்டுவிடுவேன். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒருநாள் ஹீற்றரின் சிவப்பு விளக்கு பத்து நிமிடத்தில் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகப் பற்றி, பத்து நிமிடத்தில் மறுபடி அணைந்தது. தண்ணீர் சுடவேயில்லை.

"சூடாக்கிற கம்பி, எலிமென்ற், பழுதாப் போச்சு," என்றார். "சூடேறினவுடன விட்டுப்போகுது. ஆறினாப்போல ஒட்டுது. புதுசு போடவேணும்."

அவர் இருபது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவர். நான் அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்து வேலை பார்ப்பவள். மறுத்துப் பேசவில்லை. கொழும்பில் இருந்த என் அண்ணாவுக்குக் கடிதம் போட்டோம். ஒரு மாதம் கழித்து அவர் எலிமென்றைக் கொண்டு வந்தார். வழியில் இருந்த ஒவ்வொரு ராணுவச் சோதனைச் சென்றியிலும் அதை வெளியே எடுக்கச் சொன்னார்களாம். வளைந்த கம்பியும் இரண்டு வயரும் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சிங்களம் சரியாகப் பேச வராத அண்ணா தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்துக் காட்டி, சிப்பாய்கள் சிரித்த பிறகுதான் தப்பி வந்தார்.

புது எலிமென்றைப் பூட்டினேன். பத்து நிமிடம். விளக்கு அணைந்தது.

என் கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு மாதத்தில் கால் திரும்பவும் இறுகியிருந்தது. அவர் என்னிடம் கோபமாகச் சொன்னார்:

"அந்தச் சின்ன ஓட்டோமற்றிக்கைக் கழட்டிப்போட்டு நேரா வயரைக் குடும். அதுதான் மறிக்குது."

அளவுக்கு மீறிச் சூடேறினால் மின்சாரத்தை நிறுத்துவதற்கென்றே ஹீற்றரில் இருந்த பாகம் அது.

"அது ஏலாது," என்றேன். "நீங்கள் உள்ளுக்கு இருக்க தண்ணி கொதிச்சா? உங்களை அவிக்கச் சொல்லுறீங்களே?"

"உமக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாதுதான். ஆனா செய்யமாட்டன்."

கலியாணம் முடித்துப் பதினொரு வருடத்தில் அவருடைய தொழில் விஷயத்தில் நான் மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு பலகைக்கட்டையைப் போட்டு ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தேன். விளக்கு அணைந்ததும் குழாயில் கையை வைத்தேன். உடனே இழுத்துக்கொண்டேன், தோல் உரிந்துவிடும் போலச் சூடு. தொட்டித் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அப்படியென்றால் ஹீற்றர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. சூடுதான் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.

தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை மிதக்கவிட்டேன். ஆரம்பத்தில் அந்த வாயிலிருந்து வரும் வேகத்துக்குச் சவர்க்காரப் பெட்டியே மறுகரைக்கு ஓடிவிடும். இப்போது கோப்பை நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றது.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டேன். "பழுது ஹீற்றரில இல்லை. பம்பில. தண்ணி ஓடேல்லை. அதுதான் குழாய்க்குள்ளேயே கொதிச்சு ஓட்டோமற்றிக் நிப்பாட்டுது."

அவர் ஊன்றுகோலுடன் வந்தார். குழாயைத் தொட்டார். கோப்பையைப் பார்த்தார்.

"மெயினை நிப்பாட்டும்," என்றார் கடைசியில். "நாலு ஆணி இருக்கு. முன்மூடியைக் கழட்டும்."

கழற்றினேன். உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தைச் சுற்றி நூலும் இலைக்காம்பும் கயிறாகத் திரிந்து கிடந்தன. ஒரு முனையில் சிவப்புக் கரை. என்னுடைய சீலை. நான் போட்ட நொச்சி முடிச்சுத்தான் மெல்லமெல்லக் கிழிந்து பம்புக்குள் போயிருக்கிறது.

மறைத்திருக்கலாம். ஏதோ குப்பை என்றால் நம்பியிருப்பார். ஆனால் கையில் எடுத்து நீட்டினேன்.

"இது என்ர வேலை."

அவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், விழுந்த பிறகு அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. "ஒரு மாசம் கொழும்பைப் பாத்துக்கொண்டு இருந்தம்," என்றார். "நானும் அந்தக் குழாயைத் தொட்டுப் பாக்கேல்லையே."

சக்கரத்தைத் துடைத்துப் பூட்டினேன். தண்ணீர் இழுக்கும் வாய்க்கு நுளம்புவலையை இரண்டாக மடித்துக் கட்டினேன். அன்று பின்னேரம் சிவப்பு விளக்கு ஒரு மணித்தியாலம் அணையவில்லை. அவர் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நொச்சி இலையை இனி வெளியே கொதிக்க வைத்து வடித்து ஊற்றுவது என்று முடிவானது.

ஐந்து மாதம் கழித்து அவருடன் முன்பு வேலை செய்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். இவர் ஊன்றுகோல் இல்லாமல் வாசல் படலைக்கு நடந்து போய்க் கூட்டிவந்தார். தொட்டி பழுதாகிச் சரிவந்த கதையை வந்தவர் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்தான் நீ, இருந்த இடத்தில இருந்தே பழுதைக் கண்டுபிடிச்சிட்டாய்," என்றார்.

நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றது.

"நானோ? நான் பிழையாச் சொன்னனான்," என்றார் என் கணவர், எனக்கும் கேட்கும்படியாக. "கண்டுபிடிச்சது அவ. கழட்டினதும் அவ. நான் சொன்னதைக் கேட்டிருந்தா இண்டைக்கு நான் இல்லை."

சீனி போட்டேனா இல்லையா என்று மறந்து, இன்னொரு கரண்டி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனிப்புக் கூடிப்போன அந்தத் தேத்தண்ணியை இரண்டு பேரும் கடைசிவரை குடித்தார்கள்.